வீட்டுக் குளியலறையும் மாற்றுத்திறனாளியும்

வீட்டின் அறைகளுள் மிகச் சிறியது குளியலறை. வரைபடம் தயாரிக்கும்போது மற்ற அறைகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கிய பின் எஞ்சும் மூலையே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கிறது. உடல் வலுவுள்ளவருக்கு இதனால் பெரிய இடர் ஏதுமில்லை. ஆனால் ஊன்றுகோலின் துணையுடன் நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கும் அந்தச் சிறிய அறையே வீட்டின் மிகக் கடினமான பகுதியாகிறது. தம் வீட்டில் பிறர் துணையின்றி வாழ முடியுமா என்பதை அவர்களுக்கு முடிவு செய்வதும் அந்த அறைதான்.

மருத்துவத் துறையும் இதை உணர்ந்தே இருக்கிறது. நோயாளி ஒருவர் அன்றாடச் செயல்களில் எவ்வளவு தற்சார்பு பெற்றிருக்கிறார் என்பதைக் கணிக்க, 1965 இல் வெளியிடப்பட்ட பார்தெல் அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் மொத்த மதிப்பெண் 100. குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், மலத்தையும் சிறுநீரையும் கட்டுப்படுத்துதல் ஆகிய ஐந்துக்கு மட்டும் 40 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தற்சார்பு என்னும் சொல்லின் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சிறிய அறைக்குள் அடங்கிவிடுகிறது.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் சுமார் 54 லட்சம் பேர். பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர். முதுமையினால் முழங்கால் மடங்காதவர்களும், எலும்பு முறிவுக்குப் பின் சில மாதங்கள் படுக்கையில் இருந்து எழுபவர்களும் இக்கணக்கில் சேர்வதில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால், என்றாவது ஒருநாள் இத்தேவை எழாத குடும்பம் அரிது.

திலக் நகரின் பழைய வீடுகள்

மும்பையின் செம்பூர்ப் பகுதியில், துறைமுக ரயில் வழியில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே அமைந்திருப்பது திலக் நகர். மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் நடுத்தர, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்காக உருவாக்கிய காலனி இது. 1977 இல் அமைக்கப்பட்டு, ‘மாடா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மாநில வீட்டுவசதி ஆணையத்தின் கீழ் இது பின்னர் வந்தது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இத்தகைய காலனி வீடுகள் அறிமுகமானவையே.

பழைய கட்டடங்கள் மின்தூக்கி இல்லாதவை, எண்களால் அறியப்படுபவை. அவற்றில் குடியேறியபோது இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். இத்தகைய வீடுகளில் கழிப்பறையும் குளியலறையும் அருகருகே, இடையில் ஒரு மெல்லிய சுவருடன், தனித்தனி அறைகளாக இருப்பது வழக்கம். கழிப்பறையில் தரையோடு பதித்த பீங்கான். குளியலறையில் ஒரு குழாய், வாளி, நீர் சேமிக்கும் பிளாஸ்டிக் டிரம். இரண்டுக்கும் தண்ணீர் வெளியே வழியாமல் தடுக்கும் உயர்ந்த நிலைப்படி. மாநகரின் பெரும்பாலான பகுதிகளில் குழாயில் நீர் வருவது நாளின் சில மணி நேரமே. ஆதலால் டிரம் இன்றிக் குடும்பம் நடத்துவது கடினம். அந்த டிரம் அறையின் கணிசமான பகுதியைப் பிடித்துக்கொள்கிறது.

இப்பழைய கட்டடங்களுள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த அடுக்குக் குடியிருப்புகள் எழும்பியுள்ளன. எனவே திலக் நகரில் இப்பிரச்சினை இரு வடிவில் எழுகிறது. பழைய வீட்டில் இருப்பவர், இருக்கும் அறையை எவ்வாறு சீர்செய்வது என்று அறிய வேண்டும். புதிய வீட்டுக்குக் காத்திருப்பவர், அறை கட்டப்படும் முன்பே எவற்றைக் கேட்டுப் பெறுவது என்று அறிய வேண்டும்.

விபத்து நேரும் விதம்

குளியலறையில் விழுவதற்குத் தனிப்பட்ட காரணங்கள் உண்டு. வழவழப்பான தரைக்கல்லின் மீது சோப்பு நீர் படியும்போது காலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள பிடிமானம் பெரிதும் குறைகிறது. ஒரு காலைத் தூக்கி நிலைப்படியைக் கடக்கும் கணத்தில் உடலின் முழு எடையும் மறுகாலில் நிற்கிறது. குந்திய நிலையிலிருந்து எழும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து தலை சுற்றுகிறது. அந்நேரத்தில் கை தானாக எதையேனும் பற்றத் தேடுகிறது. கைக்கு எட்டுவது குழாய், துண்டு மாட்டும் கம்பி, டிரம்மின் விளிம்பு ஆகியவையே. இவற்றுள் எதுவும் மனித எடையைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று.

விழுந்த பின் ஏற்படும் ஆபத்து வேறொன்று. கதவு உட்புறமாகத் திறப்பதாயின், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடுகிறது. உதவிக்கு வருபவர் கதவைத் தள்ளினால் காயம் மேலும் பெருகும்.

விபத்து நேராவிடினும், நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் தன் பங்குக்குத் தீங்கு செய்கிறது. கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் பிறரை அழைக்க வேண்டியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதன் விளைவு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் ஆகும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்குச் சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். தூக்கி இறக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகிறது. அவர்களின் முதுகுவலி எந்தக் கணக்கெடுப்பிலும் பதிவாவதில்லை. தாழ்ப்பாளிட்டுக் கொண்டு தனியே குளிக்கும் உரிமையை இழந்தவரின் மன வேதனையை அளக்க அளவுகோல் ஏதுமில்லை.

இடமா, சுவரா?

‘இந்தச் சிறிய வீட்டில் அதற்கெல்லாம் இடம் ஏது?’ என்பதே முதலில் எழும் கேள்வி. இக்கேள்வியைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

2005 ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனிக் கழிப்பறைக்குக் குறைந்தபட்சம் 1.1 சதுர மீட்டர் பரப்பும் 0.9 மீட்டர் அகலமும், தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர் பரப்பும் வேண்டும் என வகுத்தது. அதே தொகுப்பு, மாற்றுத்திறனாளிக்கான சிறப்புக் கழிப்பறையின் குறைந்தபட்ச அளவு 1.5 மீட்டருக்கு 1.75 மீட்டர் என்றும் கூறியது. அதாவது சுமார் 2.6 சதுர மீட்டர்.

சக்கர நாற்காலியின் பொது அளவாக 1.05 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் கொள்ளப்படுகின்றன. 0.9 மீட்டர் அகலமுள்ள கழிப்பறையில் பீங்கான் பிடித்த இடம் போக, சக்கர நாற்காலி நுழைந்து நிற்க வழியே இல்லை. ஆனால் கழிப்பறையையும் குளியலறையையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பு 2.9 சதுர மீட்டர் ஆகிறது. இது சிறப்புக் கழிப்பறைக்கு வேண்டிய பரப்பைவிடச் சற்று அதிகமே. ஆக, பல வீடுகளில் தடையாக நிற்பது இடப் பற்றாக்குறை அன்று; இரு அறைகளையும் பிரிக்கும் சுவரே.

அச்சுவரை அகற்றினால் கமோட்டின் பக்கவாட்டில் உள்ள வெற்றிடமே குளிக்கும் இடமாகவும், சக்கர நாற்காலி வந்து நிற்கும் இடமாகவும் இரு வகையில் பயன்படுகிறது. இந்த அளவுக்குள் நாற்காலியை முழுவதுமாகச் சுழற்ற இயலாது, அதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்று வட்டம் தேவை. எனினும் நேராக உள்ளே சென்று, பக்கவாட்டில் மாறி அமர்ந்து, பின்னோக்கி வெளியே வர இயலும். பொதுக் கட்டடங்களுக்கான பிற்கால வழிகாட்டு நெறிகள் இதைவிட அதிக இடம் கேட்கின்றன. இடம் உள்ள வீடுகள் அவற்றைப் பின்பற்றுவதே நன்று.

இம்மாற்றத்துக்கு எதிரான நியாயங்களும் உண்டு. காலை நேரத்தில் ஐந்தாறு பேர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் புறப்படும் வீட்டில், ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாமற் போவது உண்மையான இடையூறே. கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக இருப்பதை விரும்பாத பெரியோரும் உண்டு. மாற்றுத்திறனாளி தனியே சென்று வர இயல்வதையும், மற்றவர்கள் கால் மணி நேரம் காத்திருப்பதையும் எடைபோட்டுக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். சுவரை அகற்றும் முன் அது கட்டடத்தின் சுமையைத் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதியும் பெறப்பட வேண்டும்.

வாயிலும் தரையும்

சுவரை அகற்ற இயலாத வீட்டிலும் செய்யக்கூடியவை பல. முதலாவது கதவு. திறந்த நிலையில் 900 மி.மீ. இடைவெளி கிடைப்பது விரும்பத்தக்கது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். நடைவழி குறுகலாயின் சுவரோடு ஒட்டி நகரும் கதவு அமைக்கலாம். தாழ்ப்பாள், தேவை நேர்ந்தால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருத்தல் வேண்டும். ஒரே நாளில் முடியக்கூடிய இந்த எளிய வேலை உயிரைக் காக்கவல்லது.

இரண்டாவது நிலைப்படி. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்களுக்கு இரண்டு விரல் உயரமே பெருந்தடை. விளிம்பு சாய்வாக்கப்பட்ட 12 மி.மீ. உயரம் வரை ஏற்கத்தக்கது என்பது பொதுவான நெறி. நிலைப்படியை எடுத்துவிட்டால் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடுமே என்னும் கவலை நியாயமானது. இதற்குரிய தீர்வு தரையின் சரிவில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வரை சரிவு கொடுத்து, நீர் வாயிலுக்கு எதிர்த்திசையில் ஓடும்படி செய்து, வாயிலை ஒட்டி நீண்ட சல்லடை மூடியிட்ட சிறு வடிகால் ஒன்றும் அமைத்தால் நீர் வெளியே வராது. சல்லடையின் துளைகள், ஊன்றுகோலின் முனை சிக்காத அளவுக்குச் சிறியனவாக இருக்க வேண்டும்.

தரையைத் தோண்டும்போது அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சு உடையும். அதை முறையாக மீண்டும் போடாவிட்டால் கீழ் வீட்டின் கூரையில் நீர் கசியும். அடுக்குக் குடியிருப்பில் அண்டை வீட்டாரிடையே எழும் பூசல்களுக்கு இதைவிடப் பொதுவான காரணம் இல்லை. நீர்க்காப்பு முடிந்தபின் தரையில் நீரைத் தேக்கி வைத்துச் சோதித்த பிறகே தரைக்கல் பதிக்க வேண்டும். தரைக்கல் சொரசொரப்பானதாகவும், ஈரத்திலும் வழுக்காததாகவும் இருத்தல் அவசியம். சிறிய கற்களைப் பதித்தால் இடையிலுள்ள இணைப்புக் கோடுகள் காலுக்குக் கூடுதல் பிடிமானம் தரும். தளர்வாகப் போடப்படும் கால்மிதி வழுக்கும், தடுக்கும். அதைத் தவிர்ப்பதே நலம்.

அமரும் இடம்

குந்தி அமரும் பீங்கான் நெடுங்கால வழக்கமாயினும், இளம்பிள்ளை வாதத்தால் கேலிப்பர் அணிந்தவருக்கும், முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கும், சமநிலை குன்றியவருக்கும் அது பயன்படாது. இருக்கை உயரம் 450 முதல் 480 மி.மீ. வரையுள்ள கமோடு பலருக்கும் ஏற்றது. சக்கர நாற்காலியின் இருக்கையும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடலைத் தூக்காமல் நகர்த்த முடிகிறது. கமோட்டின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 450 முதல் 480 மி.மீ. தொலைவில் இருந்தால், அச்சுவரில் பதித்த கம்பி கைக்கு எட்டும். மறுபக்கம் நாற்காலி வந்து நிற்க 900 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும்.

எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் வெற்றிடம் என்பதைப் பயன்படுத்துபவரின் உடலே தீர்மானிக்க வேண்டும். வலப்பக்கம் செயலிழந்தவருக்குக் கம்பி இடக்கைக்கு எட்டுமாறு அமைய வேண்டும். ஆனால் நாட்டு வழக்கப்படி கழுவுவதும் இடக்கையால்தான். ஒரே கையால் பற்றவும் கழுவவும் இயலாது. எனவே அவர் நன்கு சாய்ந்து அமர முதுகுத் தாங்கலும், கைக்கெட்டும் இடத்தில் நீர் பீச்சும் சிறு குழாயும் தேவைப்படுகின்றன. மேலைநாட்டுக் கையேடுகளில் காணும் படங்கள் காகிதம் பயன்படுத்தும் வழக்கத்தை ஒட்டியவை. அவற்றை அப்படியே நகலெடுத்தால் இத்தகைய இடர்ப்பாடுகள் நேரும்.

பழைய பீங்கானை மாற்ற வசதியில்லாதவர்கள், அதன் மேல் நிறுத்தும் நடுவில் துளையுள்ள நாற்காலியைப் பயன்படுத்தலாம். அதன் நான்கு கால்களிலும் ரப்பர் முனை இருக்க வேண்டும். சக்கரம் பொருத்திய கமோடு நாற்காலியோ படுக்கையருகிலேயே ஒருவரை ஏற்றிக்கொண்டு, கழிப்பறைக்குச் சென்று, அங்கிருந்து குளிக்கும் இடத்துக்கும் செல்கிறது. ஒரே நாற்காலி இரு வேலைகளையும் முடிப்பதால் உடலைத் தூக்கி மாற்றும் தடவைகள் குறைகின்றன. உணர்விழந்த உடற்பகுதியுடையோர் கடினமான இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால் படுக்கைப்புண் ஏற்படும். அவர்களுக்கு மெத்தை வைத்த இருக்கை தேவை.

கைப்பிடிக் கம்பிகள்

பற்றும் கம்பியின் பருமன் 38 முதல் 45 மி.மீ. வரை இருந்தால் கை முழுவதும் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே 40 முதல் 50 மி.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் இருந்தால் வழுக்கிய கை முழங்கை வரை உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும். கிடைமட்டக் கம்பி இருக்கைக்கு மேல் சுமார் 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் அமைவது பொருத்தம். அமர்ந்தவர் எழுந்து நிற்கச் செங்குத்தான கம்பி ஒன்றும் உதவும். துருப்பிடிக்காத எஃகு சிறந்தது. ஈரத்தில் வழுக்காத மேற்பரப்பு வேண்டும்.

கம்பியின் வலிமை அதைத் தாங்கும் சுவரின் வலிமையே. அமெரிக்க நாட்டுத் தர விதிகள் கம்பியும் அதன் பிணைப்பும் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்கின்றன. தரைக்கல்லின் மேல் மட்டும் துளையிட்டுத் திருகிய கம்பியும், உள்ளீடற்ற கற்களாலான மெல்லிய சுவரில் பிளாஸ்டிக் செருகியுடன் இறுக்கிய கம்பியும் இச்சோதனையில் நில்லா. அத்தகைய சுவர்களில் மறுபக்கம் வரை துளையிட்டு, இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். அல்லது தரையில் ஊன்றிய கம்பியை அமைக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்களுடன் விற்கப்படும் தற்காலிகக் கம்பிகள் எதிர்பாராமல் கழன்றுவிடக் கூடியவை. பொய்யான பாதுகாப்பு, பாதுகாப்பின்மையைவிடக் கொடியது.

நீரும் வெந்நீரும்

குனிந்து வாளியிலிருந்து நீரை மொண்டு ஊற்றுவது, சமநிலை குன்றியவருக்கு ஆபத்தான செயல். வாளியை 40 அல்லது 45 செ.மீ. உயரமுள்ள மேடையில் வைத்து, நீண்ட கைப்பிடியுள்ள சிறு குவளையைப் பயன்படுத்தினால் குனிய வேண்டியதில்லை. வாளியை நகர்த்தாமலே நிரப்பும் வண்ணம் குழாயும் அங்கேயே இருக்க வேண்டும். வசதியுள்ளோர் நெகிழ்குழாயுடன் கூடிய கைப்பூவாளியைப் பொருத்தலாம். டிரம்மைச் சக்கர நாற்காலி நிற்கும் இடத்திலிருந்து விலக்கி மூலைக்கோ, வெளியே பயன்பாட்டுப் பால்கனிக்கோ மாற்ற வேண்டும். திருகுக் குழாய்களுக்குப் பதிலாக நெம்புகோல் கைப்பிடியுள்ள குழாய்கள், விரல்கள் மடங்காதோருக்கும், தொழுநோயால் கை உணர்விழந்தோருக்கும் உகந்தவை.

வெந்நீர் தனிக் கவனத்துக்குரியது. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரின் கால்களுக்கு அச்சூடு தெரியாது. தோல் வெந்த பின்னரே கண்ணால் கண்டு அறிவார். ஆகவே வாளியில் முதலில் குளிர்நீரை நிரப்பி, பின்னர் வெந்நீரைக் கலப்பதும், உணர்வுள்ள கையாலோ வெப்பமானியாலோ சோதித்த பிறகே உடலில் ஊற்றுவதும் வழக்கமாக வேண்டும். எரிவாயுவில் இயங்கும் கீசரைக் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் வைத்தால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரிழப்பு நேரலாம். விரைந்து வெளியேற இயலாதவருக்கு இவ்வாபத்து இருமடங்கு. மின் கீசருக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை இன்றியமையாதது.

பார்வைக் குறைபாடுடையோருக்கு விரிந்த இடத்தைவிட மாறாத ஒழுங்கே முக்கியம். சோப்பும் குவளையும் துண்டும் எந்நாளும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஓரளவு பார்வையுள்ளோருக்கு வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கமோடும், பளபளக்கும் வெள்ளைத் தரையும் ஒன்றாகக் கலந்து தெரியும். தரை, சுவர், கமோட்டு இருக்கை, கம்பி ஆகியவை வேறு வேறு நிறங்களில் இருந்தால் பேருதவியாகும். செவித்திறன் குன்றியவருக்கு, வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே ஒளிரும் சிறு விளக்கு கதவைத் தட்டுவதற்கு ஈடாகும். உதவி கோரும் மணியின் கயிறு, தரையில் விழுந்தவரின் கைக்கும் எட்டுமாறு தாழத் தொங்க வேண்டும்.

பயன்படுத்துபவரே அளவுகோல்

மேற்கூறிய அளவுகள் யாவும் பொதுவானவை. ஒரு வீட்டுக்குச் சரியான அளவு அவ்வீட்டில் வாழ்பவரின் உடலிலிருந்தே பெறப்பட வேண்டும். இத்துறையில் மும்பைக்குத் தனிச்சிறப்பு உண்டு. குளித்தல், உடுத்தல், உண்ணல் போன்ற அன்றாடச் செயல்களை நோயாளி மீண்டும் கற்கத் துணைபுரியும் தொழில்வழிச் சிகிச்சைக்கான பள்ளி, 1950 இல் கமலா நிம்ப்கரின் முயற்சியால் இந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் 1955 இல் நிறுவப்பட்டது. இத்துறை வல்லுநர் ஒருவர், கொத்தனார் வருவதற்கு முன் பயனாளியைச் சுவரோரம் அமரவைத்து, அவர் கை எங்கே இயல்பாக எட்டுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்தால், பிற்காலச் செலவு பெரிதும் மிச்சமாகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை இங்கு நினைவுகூரத்தக்கது. 1954 இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அதன் பிறகும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; மறுவாழ்வு மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்; வேலூரில் 1966 இல் மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தகுந்த சூழலும் பயிற்சியும் அமைந்தால், செயலிழந்த கால்கள் ஒருவரின் உழைப்பைத் தடுப்பதில்லை என்பதற்கு அவர் சான்றாவார்.

சட்டம் நிற்கும் இடம்

1995 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுகளின் வகைகளை 21 ஆக விரிவுபடுத்தியது. சமுதாயத்தில் பிறரோடு சேர்ந்து வாழும் உரிமையை அது உறுதி செய்கிறது; உரிய வீட்டுவசதித் திட்டங்களின் ஒதுக்கீட்டில் குறிப்பிட்ட அளவு குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காடு இடமளிக்கிறது; அணுகத்தக்க தன்மைக்கான விதிகளுக்கு இணங்காத வரைபடத்தின்பேரில் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி வழங்கலாகாது என்றும் கூறுகிறது. 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கப்பட்ட அணுகத்தக்க இந்தியா இயக்கம் பொதுக் கட்டடங்கள், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவற்றை இலக்காகக் கொண்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இவ்விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது சட்டத்துக்கு முரண் எனக் கூறி, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

இவற்றின் நோக்கு பெரும்பாலும் பொது இடங்களின் மீதே உள்ளது. ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும் சாய்தளம் அமைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் காலையில் குளித்து உடுத்திக்கொள்ள இயலாதவர் அந்தச் சாய்தளத்தை வந்தடைவது எவ்வாறு? 5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வீடு பெற்றவரும், அவ்வீட்டின் குளியலறை வாயிலில் நின்றுவிட நேர்ந்தால், பெற்றது பாதி வீடே.

உபகரணங்களுக்கு அரசின் உதவி உண்டு. 1972 இல் நிறுவப்பட்டுக் கான்பூரிலிருந்து இயங்கும் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் முதலியவற்றைத் தயாரிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் திட்டமும், 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டமும் வருவாய் குறைந்தோருக்கு இவற்றை அளிக்கின்றன. எனினும் சக்கர நாற்காலியைப் பெற்றவரின் வீட்டுக் கதவு அதைவிடக் குறுகலாக இருந்தால், அக்கருவியின் பயன் கூடத்தோடு முடிந்துவிடுகிறது.

மறுகட்டுமானம் தரும் வாய்ப்பு

மும்பையில் மாடா காலனிகளின் மறுகட்டுமானம், வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 33(5) பிரிவின் கீழ் நடைபெறுகிறது. பழைய குடியிருப்பாளர்களுக்கு முன்பிருந்ததைவிடப் பெரிய வீடு, மின்தூக்கி, தனிக் குடிநீர்த் தொட்டி ஆகியவை கிடைக்கின்றன. வீட்டுவசதிச் சங்கம் கட்டுமான நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யும்போது பேச்சு பெரும்பாலும் பரப்பளவு, இடைக்கால வாடகை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. குளியலறை வாயிலின் அகலத்தைக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

அதைக் கேட்பதற்கு அதுவே தகுந்த தருணம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறைக்கேனும் 900 மி.மீ. வாயில், வெளிப்புறம் திறக்கும் கதவு, நிலைப்படி இல்லாத தரை, கம்பி பொருத்தத்தக்க உறுதியான சுவர், கமோட்டின் ஒரு பக்கத்தில் வெற்றிடம் ஆகிய ஐந்தையும் ஒப்பந்தத்தின் விவரப் பட்டியலில் சேர்க்கலாம். வரைபட நிலையில் இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. கட்டி முடித்த பின் இதே மாற்றங்களுக்குச் சுவரை உடைத்து, தரையைப் பெயர்த்து, நீர்க்காப்பை மீண்டும் போட்டு, கீழ் வீட்டாரின் மனக்குறையையும் சுமக்க வேண்டும். கம்பிகளை அன்றே பொருத்த வேண்டியதில்லை. பின்னாளில் பொருத்த இடம் விட்டு வைத்தால் போதும்.

இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், 1985 இல் ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்னும் கருத்தை விளக்கினார். மாற்றுத்திறனாளிக்கெனத் தனியே ஒன்றை அமைப்பதைவிட, தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பயன்படும்படி அமைப்பதே அறிவுடைமை என்பது அதன் சாரம். அகன்ற வாயில் சக்கர நாற்காலிக்கு மட்டுமன்றி, குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்க்கும் உதவுகிறது. வழுக்காத தரை எட்டு வயதுச் சிறுவனையும் எண்பது வயதுப் பாட்டியையும் ஒரே விதமாகக் காக்கிறது.

திலக் நகரின் பழைய கட்டடங்கள் மறைந்து புதியவை எழும்போது அங்குக் குடியேறும் இளைஞர்களும் ஒருநாள் முதியவர்களாவர். அந்நாளில் அவர்கள் தம் குளியலறையின் வாயிலில் பிறரை அழைத்துக் காத்து நிற்பார்களா, தாமே உள்ளே சென்று தாழ்ப்பாள் இட்டுக்கொள்வார்களா என்பது, இன்று வரைபடத்தில் இழுக்கப்படும் ஓரிரு கோடுகளைப் பொறுத்திருக்கிறது.